திரைக்குத் திருஷ்டி கழித்த மாயெஸ்த்ரோ

எங்கள் கோமாஸ் பேட்டையின் மேட்டுத் தெருவில் தோன் அபுந்தியோவின் கணினி விளையாட்டுக் கடைக்கு அந்தக் குளிர்காலத்தில் வந்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூட வந்ததில்லை. உள்ளே பன்னிரண்டு கணினிகள். வாசலில் அறுபது தலைகள். பாதிப் பேர் விளையாட வந்தவர்கள். மீதிப் பேர் அதிசயம் பார்க்க வந்தவர்கள். விளையாட வந்த நானும் அதிசயம் பார்க்கிற பக்கம்தான் நின்றேன்.

அதிசயம் இதுதான். நாங்கள் எல்லோரும் ஆடிய துப்பாக்கி விளையாட்டில் ஓர் இருட்டுச் சுரங்கம் உண்டு. எதிரி அதற்குள் பதுங்கியிருந்து சுடுவான். செத்த பிறகுதான் அவன் அங்கே இருந்ததே தெரியும். பேட்டையில் மந்திரிப்பவரான மாயெஸ்த்ரோ செவெரினோ வந்து திரைக்குத் திருஷ்டி கழித்தால் போதும், அதே சுரங்கத்தில் எதிரியின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. திரைக்குக் கண் திறந்துவிட்டதாம்.

மாயெஸ்த்ரோ ஒரு பச்சை முட்டையைத் திரையின் மேல் ஏற்றி இறக்கி உருட்டுவார். அருவதாச் செடிக் கொத்தால் நாலு தட்டுத் தட்டுவார். வாசனைத் தண்ணீரை வாயில் வைத்து ஊதுவார். பிறகு, "எல்லாரும் திரும்பி நில்லுங்க. கண்ண மூடிக்கிட்டு மூணு தடவ ஜெபம் சொல்லுங்க. பாத்தா கண்ணு போயிடும்" என்பார். யாருடைய கண் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதுகைக் காட்டி நின்றோம். அந்த நேரம் கம்பளிப் போர்வைக்குள் அவர் கை என்ன செய்தது என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். கர்த்தரையும் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தாரோ என்னவோ.

ஒரு திரைக்கு இரண்டு சோல் காசு. ஆனால் திறந்த கண் மறுநாள் காலையில் மூடிக்கொள்ளும். "ராத்திரி பொறாம வந்து படியுது" என்பார் மாயெஸ்த்ரோ. மறுபடி முட்டை, மறுபடி இரண்டு சோல். பேட்டைக் கோழிகளுக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

செவிலியர் படிப்புப் படிக்கும் நெலிடா எங்கள் அணியின் ஐந்தாவது ஆள். குறி தப்பாதவள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பேட்டையான கரபாய்யோவின் அணியோடு இறுதி ஆட்டம். அதற்காகவே மூன்று மாதமாக வகுப்பு முடிந்ததும் ஓடி வந்து பழகினாள். வியாழக்கிழமை அவளுடைய கணினி ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டது. அணைத்து மறுபடி போட்டாள். சற்று முன்புதான் திருஷ்டி கழித்த திரை பழையபடி இருண்டுபோனது.

மாயெஸ்த்ரோ முட்டையை ஒரு குவளைத் தண்ணீரில் உடைத்து ஊற்றி உற்றுப் பார்த்தார். "இந்தப் பொண்ணோட பார்வ கனம். இவ உக்காந்தா உங்க அஞ்சு திரையும் இருளும்."

அணித்தலைவன் ருஃபினோ அந்த இடத்திலேயே அவளை நீக்கினான்.

"மூணு மாசமா உங்ககூடத்தான ஆடுறேன் ருஃபினோ? அப்பல்லாம் இருளலையா?"

"நான் என்ன பண்றது நெலிடா, முட்டையே சொல்லுதே."

"முட்டைக்கு வாய் எங்கடா இருக்கு?"

அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்தில் நிற்பவனுக்கு வாய் எதற்கு?

சனிக்கிழமை மதியம் அவள் திரும்பி வந்தாள். கடை நிறைந்திருந்தது.

"மாயெஸ்த்ரோ, நாலாம் நம்பர் திரைக்குக் கழிங்க. முட்டைய உருட்டுங்க, தண்ணிய ஊதுங்க, என்ன வேணா பண்ணுங்க. கைய மட்டும் கீபோர்டு, மவுஸ் பக்கம் கொண்டு போகாதீங்க. நாங்க திரும்பி நிக்க மாட்டோம்."

"ஆவிங்களுக்குக் கூச்சம்மா. பாத்தா வராது."

"அப்ப நான் கழிக்கிறேன். எல்லாரும் திரும்புங்க."

மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த அவித்த உருளைக்கிழங்கைப் பையிலிருந்து எடுத்தாள். நாங்கள் திரும்பினோம். பழகிப்போன முதுகுகள். ஜெபம் இரண்டாவது சுற்று முடிவதற்குள், "இப்பப் பாருங்க" என்றாள். சுரங்கம் பளிச்சென்று தெரிந்தது.

பின்னால் நின்ற ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். "உருளைக்கிழங்குக்கு இவ்ளோ சக்தியா?"

நெலிடா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தத் தடவ திரும்பாம பாருங்க." விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒளிர்வு, காமா என்று இரண்டு கோடுகள். காமாக் குமிழை இடப்பக்கம் இழுத்தாள், சுரங்கம் இருண்டது. வலப்பக்கம் இழுத்தாள், வெளுத்தது. பிறகு கணினியை அணைத்துத் திரும்பப் போட்டாள். மறுபடி இருட்டு.

"தோன் அபுந்தியோ, அணைச்சுப் போட்டா எல்லாம் பழையபடி ஆகிற மாதிரிதான வச்சிருக்கீங்க?"

"ஆமாம்மா. கண்டவன் கண்டத மாத்திட்டுப் போறான்ல."

"அப்ப ராத்திரி வந்து படியுற பொறாம?"

தோன் அபுந்தியோ கூரையைப் பார்த்தார். கூட்டம் சேருகிறதென்றால் எந்தக் கடைக்காரர் வாயைத் திறப்பார்?

மாயெஸ்த்ரோ போர்வையைச் சுருட்டிக்கொண்டு நழுவப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அறுபது பேரும் இந்த முறை முகத்தைக் காட்டி நின்றார்கள். அன்று வாங்கிய காசையும் மீதி முட்டைகளையும் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அவரால் தெருவில் இறங்க முடிந்தது.

ருஃபினோ தலையைக் குனிந்துகொண்டு நெலிடாவிடம் வந்தான். "நாளைக்குச் சுரங்கத்துப் பக்கம் நீதான் நிக்கணும்."

"முட்டைகிட்ட கேட்டுட்டியா?"

"தப்புதான், விடு." கொஞ்சம் தயங்கினான். குரலைத் தாழ்த்தினான். "எதுக்கும் அந்தக் கிழங்கையும் எடுத்துட்டு வர்றியா?"

நெலிடா உருளைக்கிழங்கை அவன் கையில் வைத்தாள்.

"இத வயித்துல போடு. மண்டைல போட்டுக்காத. அங்க ஏற்கெனவே ஒண்ணு சும்மா கெடக்கு. அத ஒரு தடவையாவது வேல செய்ய விடு."