சும்மா ஜாலிக்காக ஓடிய வெங்காயம்

"போட்டியா? சேச்சே, நான் சும்மா ஜாலிக்காக வந்தேன்" என்று, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும் ஓர் இனம் உலகில் உண்டு. கேட்காத கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னால் என்ன அர்த்தம்? கேள்வி அவர் வயிற்றுக்குள்ளேயே உருண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இனத்தைக் கண்ணாரக் காண, செப்டம்பரில் பிரான்சில் எங்கள் ஒயின் பூமியான மெதோக்கில் நடக்கும் மாரத்தானுக்கு வாருங்கள். வேஷம் கட்டிக்கொண்டு, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒவ்வொரு மாளிகை வாசலிலும் ஒரு கிளாஸ் ஒயின், ஓர் ஆட்டம், கடைசியில் சிப்பி, மாட்டிறைச்சி, பாலாடைக்கட்டி என்று நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் விருந்துக்குப் போவதுபோல் ஓடுவார்கள். எத்தனையாவதாக வந்தாய் என்று இங்கே கேட்பது, பந்தியில் எத்தனை இட்லி தின்றாய் என்று கேட்பது மாதிரி. மரியாதை இல்லை.

இந்த ஆண்டு எல்லோருக்கும் சமையலறை வேஷம். மதாம் லெஸ்காரேயின் மாளிகையில் ஒயின் தயாரிக்கும் ரெஜிஸ் கப்தவீல் வெங்காயம் ஆனார். ஏன் வெங்காயம்? மெல்லிய தாளிலேயே செய்துவிடலாம். தராசில் வைத்துப் பார்த்தார், எண்பது கிராம். காற்றைத் தடுக்கும் என்று வேரையும் வெட்டினார். ஜூன் மாதத்திலிருந்தே விடியற்காலையில் ரொட்டி வாங்கக் கிளம்பி, பதினெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, ரொட்டி இல்லாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

"வெங்காயத்துக்கு எதுக்குங்க ஸ்டாப்வாட்ச்?" என்றாள் மனைவி சொலாஞ்ச்.

"மணி பாக்கத்தான். நான் என்ன ஜெயிக்கவா போறேன்? சும்மா ஜாலிக்கு."

விஷயம் இதுதான். போன வருஷம் சொலாஞ்சின் அண்ணன் எர்வே இவருக்கு இரண்டு நிமிஷம் முன்னால் வந்துவிட்டான். எர்வே தபால்காரன். தொப்பை உண்டு. வழியில் வாத்தியக்காரர்களின் எக்காளம் கேட்ட இடமெல்லாம் நின்று ஆடியவன். அப்படியும் முன்னால் வந்தான்! வந்ததைப் பற்றி அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்தில் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பீற்றிக்கொண்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்த இரண்டு நிமிஷம் ஒரு வருஷமாக ரெஜிஸின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

இந்த முறை எர்வே பூசணிக்காய். ரெஜிஸ் அவனை முதல் திருப்பத்திலேயே பின்னால் விட்டார். ஒவ்வொரு வாசலிலும் கிளாஸை வாங்குவார், உயர்த்தி வாழ்த்துவார், இரண்டடி நகர்ந்து திராட்சை வரிசையின் முனையில் நிற்கும் ரோஜாச் செடிக்கு ஊற்றிவிடுவார். அன்றைக்கு மெதோக்கில் அதிகம் குடித்தவை ரோஜாச் செடிகள்தான்.

முப்பதாவது கிலோமீட்டரில் அவர் வேலை பார்க்கும் மாளிகையே வந்தது. மதாம் லெஸ்காரே தன் கையால் ஊற்றிக் கொடுத்தார். முதலாளியம்மா கண்ணெதிரே ரோஜாவுக்கு ஊற்ற முடியுமா? ரெஜிஸ் ஒரு வாய் எடுத்தார், கொப்பளித்தார், பிறகு, தினமும் நாற்பது பீப்பாய் ருசி பார்த்துத் துப்புகிறவரின் பழக்கதோஷம், காலணியில் ஒரு துளி படாமல் அழகாகத் துப்பினார்.

எக்காளம் நின்றது.

"இவருதானே இந்த ஒயினப் போட்டவரு?" என்றது ஒரு கேரட்.

"ஆமா. அவரே துப்புறாரு" என்றது முட்டைக்கோஸ்.

கேரட் தன் கிளாஸை மெல்ல மேஜைமேல் வைத்தது. முட்டைக்கோஸும் வைத்தது.

"ரெஜிஸ், இருபத்திரண்டு வருஷமா நீங்க போட்ட ஒயின் உங்களுக்கே இறங்கலையா?" என்றார் மதாம், குரலை உயர்த்தாமல்.

பாவம், என்ன செய்வார்? மடமடவென்று ஒரு கிளாஸ் குடித்தார். கேரட் அசையவில்லை. இன்னொன்று. மூன்றாவதைக் கண்ணை மூடி, "ஆகா!" என்று குடித்த பிறகுதான் கேரட்டுக்கு நம்பிக்கை வந்தது. அதற்குள் பூசணிக்காய் நாலு கத்திரிக்காய்களோடு கைகோத்து ஆடியபடி தாண்டிப்போனது. "அருமை மாப்ளே! நீ போட்டதாச்சே!"

அதன்பின் நேராக நின்ற திராட்சை வரிசைகள் வளைய ஆரம்பித்தன. ரெஜிஸ் பாடத் தொடங்கினார். சிப்பி கொடுத்த இடத்தில் இரண்டு முறை வாங்கித் தின்றார். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் அந்த வருஷம் முழுக்க அனுபவித்த சந்தோஷம்.

முடிவுக் கோட்டுக்கு நூறு அடி முன்னால், ஓரமாக ஒரு பூசணிக்காய் காத்துக்கொண்டிருந்தது.

"எங்கய்யா போன? எவ்வளவு நேரமா நிக்கிறேன்! வா, சேந்து போவோம்."

ரெஜிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கைகோத்துக்கொண்டு ஓடினார்கள். கூட்டம் கைதட்டியது. கடைசி அடியில் ரெஜிஸின் நெஞ்சு, அவரைக் கேட்காமலே, ஒரு சாண் முன்னால் பாய்ந்தது.

"ஜெயிச்சுட்டேன் மச்சான்!"

"அட, அப்படியா!" என்று அவரைக் கட்டிக்கொண்டான் எர்வே. நிஜமான சந்தோஷம். பிறகு கேட்டான், "எதுல மாப்ளே?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன பொங்கலுக்கு உங்கள் குடியிருப்பில், சும்மா பிள்ளைகளோடு பிள்ளையாக, எலுமிச்சம்பழ ஓட்டத்தில் சேர்ந்தீர்களே, அதற்கு முந்தின நாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் கரண்டியோடு அங்குமிங்கும் நடந்தது யார்? வீட்டில் கேட்டதற்கு, குழம்புக்கு உப்புப் பார்த்தேன் என்றீர்களாமே!