வால் தட்டு வைத்த மாப்பிள்ளை

கல்யாண வீட்டில் எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கும், மாப்பிள்ளைக்கு மட்டும் இருக்காது. மாலையைப் போட்டு ஒரு மூலையில் உட்கார வைத்து, "எந்திரிக்காத, எதையும் தொடாத" என்று சொல்லிவிடுவார்கள். இது ரொம்ப நல்ல ஏற்பாடு. என் கல்யாணத்தன்று இந்த ஏற்பாட்டை நான் மதிக்கவில்லை. பட்டு வேட்டி, மாலை, தலைப்பாகை சகிதம் நானே ஓட்டிக்கொண்டு போனேன். காரை அல்ல, மோட்டார் படகை.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் மெஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர் வேலை எனக்கு. என்னை நான் இஞ்சினியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் (வேறு யாரும் அப்படி நினைத்ததாகத் தகவல் இல்லை). எங்கள் வெள்ளைக்காரத் துரை ரிங்லெட்டுக்குக் கீழே இருக்கும் அணைக்கட்டு ஏரியில் ஒரு மோட்டார் படகு வைத்திருந்தார். அதைத் துடைப்பது, எண்ணெய் போடுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டவும் விடுவார்.

ஒருமுறை சிங்கப்பூர் போய்விட்டு வந்தபோது துரை ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே இரண்டு எஃகுத் தட்டுகள். படகின் பின்பலகையில் தண்ணீர் மட்டத்தில், இடது பக்கம் ஒன்று வலது பக்கம் ஒன்று, கீல் வைத்துப் பொருத்த வேண்டும். ஸ்டீரிங் பக்கத்தில் இரண்டு சுவிட்சு. அழுத்தினால் தட்டுகள் கீழே சாயும், மறுபக்கம் அழுத்தினால் மேலே ஏறும். துரை பொறுமையாக விளக்கினார். வேகம் எடுக்கும்போது படகின் பின்பக்கம் அமுங்கி மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்போது தட்டுகளை இறக்கினால் ஓடுகிற தண்ணீர் அவற்றில் மோதிப் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். மூக்கு இறங்கும். படகு தண்ணீரை முட்டித் தள்ளாமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். இன்னும் நன்றாக இறக்கினால் தட்டுகள் தண்ணீரைப் பிடித்து வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும் என்றார்.

இதில் கடைசி வாக்கியம்தான் என் மண்டையில் ஏறியது. அதிலும் 'கொஞ்சம்' ஏறவில்லை. ஆகா, படகுக்குப் பிரேக் வந்துவிட்டது!

நான் அதற்கு 'வால் தட்டு' என்று பெயர் வைத்தேன். தட்டு பொருத்தியதைத் தோட்டத்தில் எல்லாருக்கும் சொன்னேன். தானா ராத்தா டவுனில் முடிவெட்டிக்கொள்ளப் போனபோது அங்கேயும் சொன்னேன். முடிவெட்டுகிறவர் பாவம், கத்தியை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவார்?

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் சரசு. அவள் அப்பா ஏரியின் மறுகரைக்கு மேலே காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் சரசு கொடுத்த காப்பி ஆறி ஆடை கட்டும் வரைக்கும் நான் மாமனாருக்கு வால் தட்டின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கடைசியில் என் அப்பாவைப் பார்த்து, "தம்பிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

அவருக்கு என்மேல் இஷ்டமில்லை. கோலா தெர்லாவில் சொந்தமாகக் காய்கறி லோரி வைத்திருந்த ஒருவர்மேல்தான் அவருக்குக் கண். சரசு என்னமோ எனக்குத் தலையாட்டிவிட்டாள். வேண்டாவெறுப்பாக நாள் குறித்தவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம் தம்பி. இத விட்டா ஆடி. ஆடியில எவனும் கல்யாணம் வைக்க மாட்டான். ஆவணிக்குள்ள என் மனசு எப்படி மாறும்னு எனக்கே தெரியாது."

"மாமா, நேரத்துக்கு முன்னாடியே கோயில் வாசல்ல நிப்பேன்" என்றேன்.

எல்லாரும் போவது போல லோரியில் போயிருந்தால் நின்றிருப்பேன். ஆனால் கோயில் ஏரிக்கரையிலேயே இருந்தது. மலைச்சாலை வளைந்து வளைந்து சுற்றிப் போகும், தண்ணீரில் போனால் நேர்கோடு. பெண் வீட்டார் கரையில் காத்திருக்க, நான் நுரை பறக்க வந்து, வால் தட்டை இறக்கி, பூப்போல நிறுத்தி, மாலை கசங்காமல் இறங்குவதைப் போல மனதுக்குள் பலமுறை பார்த்துவிட்டேன். துரையிடம் படகைக் கேட்டேன். கொடுத்தார். கொடுக்கும்போது, "மணியம், பெலான்-பெலான்" என்றார். மெதுவா போ என்பதற்கு மலாயில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான், அதையும் நான் கேட்கவில்லை.

அப்பாவும் உறவுக்காரர்களும் லோரியில் ஏறினார்கள். என்னோடு படகில் அம்மா ஏறினாள், அவள் கைப்பையில் தாலி. நாயனக்காரரும் தவில்காரரும் ஏறினார்கள். தவில்காரர் நல்ல கனமான மனுஷர், அவர் தவிலும் அப்படியே. கடைசியாக என் தாய்மாமா. மாமா தோட்டத்து லோரி டிரைவர். அன்றைக்கு லோரியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, "மாப்பிள்ளைக்குத் துணையா நான் வரேன்" என்று ஒரு வாழைத்தாரையும் தூக்கிக்கொண்டு ஏறினார். துரை, துரையம்மா, அவர்கள் நாய் ஆகிய மூவருக்காகச் செய்த படகு அது.

இஞ்சினை முடுக்கினேன். பின்பக்கம் அமுங்கியது, மூக்கு எழுந்தது. அப்போதே தட்டை இறக்கியிருக்க வேண்டும். ஆனால் அதைப் பெண் வீட்டார் கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும் என்று மிச்சம் பிடித்து வைத்திருந்தேன் (என் அறிவை அன்று அளந்து பார்த்திருந்தால் ஒரு தேக்கரண்டிக்கு வந்திருக்காது). மூக்கு இன்னும் எழுந்தது. எனக்கு முன்னால் ஏரி தெரியவில்லை, மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது.

"டேய், இது என்னடா வானத்துக்குப் போவுது!" என்று அம்மா கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மாமா எழுந்து நின்றார். மழைச் சகதியில் தோட்டத்து லோரி மேடு ஏற மறுத்தால் என்ன செய்வார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆட்களையெல்லாம் பின்னால் தள்ளி ஏற்றுவார்கள், பின்சக்கரத்துக்குப் பிடிப்புக் கிடைத்து லோரி ஏறிவிடும். மாமா ஆயுசு முழுக்க அப்படித்தான் லோரியை ஏற்றியிருக்கிறார்.

"பின்னால வெயிட்டு பத்தல! எல்லாரும் பின்னால போங்க!"

எல்லாரும் போனார்கள். வாழைத்தாரும் போனது. இஞ்சினியரான நான், "ஆமாமா, அதான் சரி" என்றேன்.

படகு சாமி வந்தது போல நிமிர்ந்து நின்றது. பின்பலகையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்து தவில்காரரின் இடுப்பைத் தொட்டது. "ஐயோ தோலு நனையுது, தோலு நனையுது!" என்று அவர் தவிலைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நாயனக்காரர் நாயனத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்.

வேறு வழியில்லாமல் இரண்டு சுவிட்சையும் கடைசி வரைக்கும் அழுத்தினேன். துரை பொய் சொல்லவில்லை. பின்பக்கம் மெல்ல எழுந்தது, மூக்கு இறங்கியது, ஏரி தெரிந்தது, படகு தண்ணீருக்கு மேல் வழுக்கிக்கொண்டு பறந்தது. என் தலைப்பாகையும் பறந்தது. மேலே சாலையில் எங்கள் லோரி போய்க்கொண்டிருந்தது. உறவுக்காரர்கள் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். (அவர்கள் அசைத்தது 'நிறுத்துடா' என்பதற்கு என்று பிறகு தெரிந்தது.) அந்தக் கொஞ்ச நேரம் கேமரன் மலையிலேயே என்னைவிடச் சந்தோஷமான ஆள் இருந்திருக்க மாட்டான்.

கரை வந்தது. கோயில் தெரிந்தது, ஆரத்தித் தட்டோடு பெண்கள் தெரிந்தார்கள், மாமனாரும் தெரிந்தார். இப்போது பிரேக். கம்பீரமாகச் சுவிட்சை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். ஏற்கெனவே முழுக்க இறங்கிவிட்ட தட்டு இன்னும் எங்கே இறங்கும்? ஆரத்திப் பெண்கள் கலைந்து ஓட ஆரம்பித்ததும் பயந்துபோய் இஞ்சினின் வேகத்தை ஒரே இழுப்பாக இழுத்து அடக்கினேன்.

படகு தொப்பென்று உட்கார்ந்தது. ஆனால் இவ்வளவு தூரம் எங்களுக்குப் பின்னால் ஓடிவந்த எங்கள் அலை உட்காரவில்லை. அது நிதானமாக வந்து, பின்பலகையைத் தாண்டி, தவில்காரரை உச்சந்தலையோடு குளிப்பாட்டி, படகை அலாக்காகத் தூக்கி ஒரு சேற்றுத் திட்டின்மேல் வைத்துவிட்டுப் போனது.

மலைமேல் இருக்கும் காய்கறித் தோட்டங்களிலிருந்து மழைக்கு அடித்துக்கொண்டு வரும் மண் அந்த ஏரியில் அங்கங்கே திட்டாகப் படிந்திருக்கும். என் மாமனார், "என் மண்ணெல்லாம் ஏரிக்குப் போவுது" என்று எப்போதும் புலம்புவார். அந்த மண்தான். ஒருவகையில் நான் சொன்ன நேரத்துக்கு மாமனார் நிலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஆனால் இரண்டு லோரியை வரிசையாக நிறுத்தினால் கரையைத் தொடலாம் என்கிற தூரம் மிச்சமிருந்தது. நடுவில் இடுப்பளவு சேறு.

"ரிவர்ஸ் போடுறா!" என்றார் மாமா. போட்டேன். இறங்கியிருந்த இரண்டு தட்டும் மண்வெட்டி மாதிரி சேற்றில் இன்னும் ஆழமாக வெட்டிப் புதைந்தன. தட்டை மேலே ஏற்றலாம் என்றால் சுவிட்சுக்குக் கரண்டு தரும் பேட்டரி தண்ணீருக்குள் இருந்தது. ஊரெல்லாம் நான் பெருமை பேசிய வால் தட்டு என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

கோயில் வாசலில் கோலா தெர்லாக்காரரின் லோரி நின்றுகொண்டிருந்தது. விருந்துக்கு வந்திருந்தார் மனுஷர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். ஐயர் உதட்டைப் பிதுக்கினார்.

"முகூர்த்தம் முடியப் போவுது. இனிமே ஆவணியில பாத்துக்கலாம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சொல்லும்போது அவர் கண் கோலா தெர்லாக்காரர் பக்கம் போய்விட்டு வந்தது.

எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. இன்னும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அதை விட்டால் அந்த மரியாதையும் போய்விடும் என்கிற மாதிரி.

அப்போது கோயிலுக்குள்ளிருந்து கூறைச் சேலையோடு சரசு இறங்கி வந்தாள். மணப்பெண் மணவறைக்குத்தான் வர வேண்டும், ஏரிக்கரைக்கு வரக்கூடாது. "ஏ புள்ள, எங்கடி போற!" என்று பெண்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். அவள் தண்ணீர் விளிம்பில் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாரும் எதுக்கு அங்க பின்னால குமிஞ்சு கெடக்குறீங்க? பின்னாலதான மாட்டியிருக்கு! முன்னாடி வாங்க!"

அவள் என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான். நாங்கள் முன்னால் தவழ்ந்து போனோம். வாழைத்தாரும் வந்தது. பின்பக்கம் லேசாக எழுந்து, தட்டுகள் சேற்றிலிருந்து 'சளக்' என்று விட்டன.

சரசு திரும்பினாள். கோலா தெர்லாக்காரரை நேராகப் பார்த்தாள்.

"அண்ணே, ஒங்க லோரியில கயிறு இருக்கும்ல? எடுத்துப் போடுங்க, நேரமாவுது."

அண்ணே!

ஊர்கூடி நிற்கிற இடத்தில் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ஆவணியாவது, புரட்டாசியாவது? மாமனாரின் முகம் சுருங்கியது. கோலா தெர்லாக்காரர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, "சரி தங்கச்சி" என்று சொல்லி, முட்டைக்கோசு மூட்டை கட்டுகிற கயிற்றை எடுத்துவந்து வீசினார். மாப்பிள்ளை ஊர்வலமாக என்னைக் கரைக்கு இழுத்துவந்தது அவருடைய லோரிதான்.

கடைசி அடியைச் சேற்றில் வைத்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் காலை மைத்துனன் கழுவ வேண்டும். சரசுவின் தம்பி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தான், என் முழங்காலைப் பார்த்தான், திரும்பிப் போய் வாளியோடு வந்தான். பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குழாயையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

முகூர்த்தத்தின் கடைசி நுனியில் அம்மா கைப்பையைத் திறந்தாள். ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார். நாயனம் ஜோராக எழுந்தது. நனைந்த தவிலோ, 'தொப்... தொப்... தொப்...' என்றது. ஈரச் சாக்கைச் சுவரில் அடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்தில்தான் தாலி கட்டினேன். முதல் முடிச்சுப் போடும்போது பின்னால் யாரோ குலுங்குவது தெரிந்தது. மாமனார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் என்னிடம் கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை. பேச வாயைத் திறந்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கோலா தெர்லா அண்ணன் எங்கள் வீட்டு எல்லா விசேஷத்துக்கும் தாய்மாமன் சீரோடு முதல் ஆளாக வந்துவிடுகிறார், அதுவும் லோரியில். வீட்டில் யாராவது கொஞ்சம் பெருமை பேச ஆரம்பித்தால் என் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கி விரித்து மெதுவாக அழுத்துவார்கள். வால் தட்டை இறக்கு என்று அர்த்தம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கத் தேவையில்லை.

மகள் கல்யாணம் முடிந்து எல்லாரும் போன பிறகு சரசுவிடம் ஒருநாள் கேட்டேன். "அன்னிக்கு நீ ஏன் இறங்கி வந்த? உங்கப்பா சொன்ன மாதிரி விட்டிருக்கலாம்ல?"

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "படகு போச்சு, தலப்பா போச்சு, மானம் போச்சு. அப்பவும் அந்த ஸ்டீரிங்க மட்டும் விடாம பிடிச்சிட்டு அழுதுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. இப்படிப் பிடிக்கிறவரு என்னையும் விட மாட்டாருன்னு தோணிச்சு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தியா! இஞ்சினியருன்னா சும்மாவா? அந்தக் காலத்துல கேமரன் மலையிலயே நான் ஒருத்தன்தான்..." என்று ஆரம்பித்தேன்.

சரசு கீரையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் விரித்தாள்.