பன்னிரண்டாம் எண்ணின் மூன்றாம் மாடி

எங்கள் தெருவில் பன்னிரண்டாம் எண் கட்டடத்துக்கு மூன்று மாடி. தெருவில் போகிற யார் நிமிர்ந்து பார்த்தாலும் தெரியும். நகராட்சிக் கோப்பின்படி அதற்கு இரண்டு மாடிதான். இதுவும் உண்மை, கையெழுத்தும் முத்திரையும் உள்ள உண்மை. இந்த இரண்டு உண்மைகளும் பதினோரு வருஷம் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் காலம் தள்ளிவந்தன.

மூன்றாம் மாடியில் தையல்கார அக்கா குடியிருந்தார். கணவர் பஸ் டிரைவர். பெண் குழந்தைகள் இரண்டு பேர். நான் எதிர்ச்சாரியில் ஒழுகுகிற ஒற்றை அறையில் இருப்பவன். அக்காவிடம் சட்டை தைக்கக் கொடுக்கப் போனபோதுதான் அந்த விரிசலைக் காட்டினார். குழந்தைகள் படுக்கிற கட்டிலுக்கு மேலே, சுவரின் மூலையில் இருந்தது. முதலில் ஊசி நுழைந்ததாம். அடுத்த மாதம் கத்திரிக்கோல். விரிசல் எதுவரை வந்திருக்கிறது என்று வாராவாரம் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் குறித்துவைத்திருந்தார்.

கட்டட முதலாளி வந்து பார்த்தார். "வெறும் பூச்சு விரிசல்மா. வெயிலுக்கு விரியும், மழைக்கு மூடிக்கும்" என்றார். மறுநாளே பெரிய அளவில் ஒரு காலண்டர் கொடுத்தனுப்பினார், மேலே மாட்டிக்கொள்ள.

அக்கா நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். தலைமை எழுத்தர் கோப்பை விரித்தார்.

"எந்த மாடி?"

"மூணாவது, சார்."

"மூணாவது மாடியே இல்லையேம்மா."

"நான் அங்கதான் சார் குடியிருக்கேன்."

"அது உங்க சொந்த விஷயம். அதுல ஆபீஸ் தலையிடாது."

"தண்ணி வரி ரசீதுல மூணாம் மாடின்னு போட்டிருக்கே?"

"அது வரிப் பிரிவு. அவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். இது அனுமதிப் பிரிவு."

அக்கா விடவில்லை. திங்கள்கிழமைதோறும் போய், அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார். நான்காவது திங்கள் வருவதற்குள் பக்கத்து ஊரில் ஒரு கட்டடம் சரிந்து பல பேர் செத்துப்போனார்கள். ஆணையர் மிகுந்த வேதனையடைந்து, "பாதுகாப்பு என்பது ஒரு வாரத்துக்குள் உறுதிசெய்யப்பட வேண்டும்" என்று உத்தரவு போட்டார். கட்டட ஆய்வாளர் ஒருவரும் புதிதாக நியமிக்கப்பட்டார். இளைஞர், படித்தவர், நேர்மையானவர். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வாளர் மூன்றாம் மாடிக்கு ஏறினார். காலண்டரைத் தூக்கினார். விரிசலில் கையை விட்டார். மணிக்கட்டுவரை போனது.

"அக்கா, இன்னைக்கே குழந்தைங்களைக் கூட்டிட்டுக் கிளம்பிடுங்க" என்றார். அலுவலகம் போய், மேற்படி மாடியை உடனே இடிக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினார்.

தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இல்லாத மாடியை எப்படி இடிக்கிறது? இடிக்கணும்னா மொதல்ல அது இருக்கணும். இருக்கணும்னா அனுமதி வேணும். அனுமதிக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேணும்."

"அப்ப, பாதுகாப்பா இருக்குன்னு நான் எழுதிக் கொடுத்தாத்தான், பாதுகாப்பு இல்லைன்னு இடிக்க முடியுமா?"

"இப்பதான் உங்களுக்கு வேலை பிடிபடுது."

சான்றிதழுக்கு நூறு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. ஏதோ ஒரு குளிர்நாட்டில் நன்றாக ஓடிய படிவம். அப்படியே மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் விழும் பனியின் எடையைப் பற்றி மட்டும் முப்பது கேள்விகள். பனிச்சுமையால் இதுவரை கூரை வளைந்ததுண்டா? இல்லை. குளிர்காயும் கணப்படுப்பிலிருந்து தீ பரவியதுண்டா? இல்லை. பனிக்கட்டி வழுக்கி யாரும் படியில் விழுந்ததுண்டா? இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஒரு மதிப்பெண். கடைசிப் பக்கத்தில், சுவரில் விரிசல் உண்டா என்று ஒரே ஒரு கேள்வி. ஆய்வாளர் 'உண்டு' என்று எழுதி, 'கையே உள்ளே போகிறது' என்று பக்கத்தில் சேர்த்தார். அதற்குக் கட்டம் இல்லாததால் கம்ப்யூட்டர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாடி தொண்ணூற்றொன்பது மதிப்பெண் பெற்றுத் தேறியது.

"சான்றிதழ் வந்தாச்சு. இப்ப இடிச்சிடலாமா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

தலைமை எழுத்தர் பதறிப்போனார். "தொண்ணூத்தொம்பது மார்க் வாங்குன மாடியையா? நம்ம நகராட்சியிலேயே இதுதான் முதல் இடம், தம்பி!"

அடுத்த வாரம் ஆணையரே நேரில் வந்து, 'முன்மாதிரிப் பாதுகாப்புக் கட்டடம்' என்று வாசலில் பித்தளைப் பலகை திறந்துவைத்தார். படம் எடுக்க எல்லோரும் மேலே ஏறினார்கள். ஆய்வாளர் படிக்கட்டின் கீழே நின்று, "ஒவ்வொருத்தரா ஏறுங்க சார், ஒவ்வொருத்தரா" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சேவையைப் பாராட்டி, தெருநாய்களைக் கணக்கெடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அதுவரை வேறு வீடு கிடைக்காமல் இருந்த அக்கா குடும்பம் அன்று மாலையே சாமான்களை இறக்கியது. தையல் மெஷினைத் தோளில் சுமந்து வந்த டிரைவரைக் கட்டட முதலாளி மறித்தார்.

"கவர்மென்டே கையெழுத்துப் போட்டிருக்கு. அப்புறம் என்னய்யா பயம்?"

"விரிசலுக்குப் படிக்கத் தெரியாதே, சார்" என்றார் டிரைவர்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டில் குடியேறினார்கள். ஒற்றைத் தளம், தலையில் விழ ஒன்றுமில்லை. குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குவதாக அக்கா சொன்னார். பத்தாம் நாள் அதன் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மேற்படி தகரக் கூரை பனியின் எடையைத் தாங்காது. ஏழு நாளில் காலி செய்யவும்.

அக்கா நோட்டீஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நீங்களாவது வந்து சாட்சி சொல்லுங்க தம்பி. அந்த விரிசலை நீங்க பார்த்தீங்கல்ல?"

"திங்கக்கிழமை கண்டிப்பா வர்றேன்க்கா" என்றேன்.

திங்கட்கிழமை என்னால் போக முடியவில்லை. அன்றைக்குத்தான் பன்னிரண்டாம் எண்ணின் மூன்றாம் மாடியை வாடகைக்குக் காட்டினார்கள். சான்றிதழ் உள்ள வீடு ஊரிலேயே அது ஒன்றுதான்; வரிசை தெருமுனைவரை நின்றது. தலைமை எழுத்தர் தன் மகளுக்காக முதல் ஆளாக நின்றார். நான் ஏழாவது. எனக்கு முன்னால் நின்றவரை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று நினைத்து, அவர் காதில் சொன்னேன்.

"மேல பெரிய விரிசல் இருக்கு சார். கையே உள்ள போகும்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"கை போகுமா? அப்ப சாமான் வைக்க அலமாரி தனியா வாங்க வேண்டாம்" என்று சொல்லி, ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.

நானும் நகர்ந்தேன்.