நுரைக்கு எவ்வளவு தண்ணீர்?

வலது மணிக்கட்டு இரண்டு நாளாக விண்விண்ணென்று தெறிக்கிறது. சாணைச் சக்கரத்தில் கத்தியை அழுத்திப் பிடிப்பவனுக்கு அது சம்பளத்தோடு சேர்ந்து வருவதுதான். ஆனாலும் பேனாவைப் பிடித்தே ஆக வேண்டும். மனிதகுலம் கண்ட நிர்வாகச் சாதனைகளில் தலையாயது, ஷெஃபீல்டில் எங்கள் கத்தித் தொழிற்சாலையில், போன செவ்வாய்க்கிழமை நிகழ்ந்திருக்கிறது.

சாணைத் தூசி நெஞ்சுக்குள் போகாமலிருக்க நாங்கள் முகமூடி போடுகிறோம். தாடி முளைத்த முகத்தில் அது ஒட்டாது. அதனால் வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளர் மொரீன் ஒவ்வொரு தாடையாகத் தடவிப் பார்ப்பார். சொரசொரத்தால் வீட்டுக்கு.

பக்கத்துச் சக்கரக்காரன் லெஸ் டங்வர்த்துக்குத் தாடி முள்கம்பி. விடியற்காலையில் ரொட்டிக்கடையில் மாவு மூட்டை இறக்கிவிட்டு நேரே இங்கே வருகிறவன். சவரம் எங்கள் கழுவுமிடத்தில்தான். அங்கே கொதிகலன் குளிர்காலத்திலேயே கண்ணை மூடிவிட்டது. குழாயும் மனம் வந்தால்தான் சொட்டும். வறட்டுச் சவரத்தில் கழுத்தெல்லாம் ரணம். ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவையென்றால் வேலையே போச்சு.

வெந்நீர் கேட்டோம். நிர்வாகம் கூடிக் கூடி ஆராய்ந்து நோயின் வேரைக் கண்டுபிடித்தது: எங்களுக்கு நுரை போடத் தெரியவில்லை! உடனே ‘நுரை நலப் பயிலரங்கு’ அறிவிக்கப்பட்டது.

லண்டனிலிருந்து ருபர்ட் என்ற ‘நுரை வல்லுநர்’ வந்தார். ஒரு கிண்ணம், ஒரு பிரஷ், ஒரு பிளாஸ்க் வெந்நீர்.

“நுரைங்கறது ஒரு உறவு நண்பர்களே. தண்ணி குறைஞ்சா பசை, கூடினா குமிழி. நடுவுலதான் வாழ்க்கை.”

“அதுக்குத் தண்ணி வேணுமே சார்?” என்றான் லெஸ்.

“அருமையான கேள்வி! அதுக்குத்தான் வர்றேன்.”

முன்னுதாரணம் காட்ட மேலாளர் கிராஸ்லி முதலில் உட்கார்ந்தார். அவருடைய அறையில் தூசியும் கிடையாது, முகமூடியும் கிடையாது. ருபர்ட் சொட்டு விட்டார், சுழற்றினார், “சோப்புக்கு இன்னும் தாகம்” என்றார், மறுபடி விட்டார். பிளாஸ்க் காலியானபோது கிராஸ்லியின் முகம் கல்யாண கேக்காக நின்றது.

“ஒரு செர்ரி வச்சா டீயோட தின்னுடலாம்டா,” என்றான் பின்னால் ஒருவன். பலமாகக் கைதட்டினோம்.

அடுத்து லெஸ். பிளாஸ்க்கைக் கவிழ்த்தால் காற்று. குழாயைத் திறந்தால் இருமி, துருவைத் துப்பி, ஓய்ந்தது. ருபர்ட் அசரவில்லை, பிரஷில் மிச்சமிருந்த ஈரத்தில் சோப்பைத் தேய்த்து அப்பினார்.

“சார், சுண்ணாம்பு மாதிரி காயுது. கொஞ்சம் தண்ணி...”

“பதறக் கூடாது. சொட்டுச் சொட்டாத்தான் சேர்க்கணும்.”

“எந்தச் சொட்டை சார்?”

நான் என் குவளையை நீட்டினேன். “டீ இருக்கு. சூடாத்தான் இருக்கு.”

“பால் விட்டதா?”

“ஆமா.”

“கொழுப்பு சேர்ந்தா சமநிலை கெட்டுடும்,” என்று கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

சங்கு ஊதியது. லெஸ் காய்ந்த சோப்பின் மேலேயே சவரக் கத்தியை இழுத்தான். ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் அப்படியே பூச்சு. மொரீன் முகமூடியை வைத்து அழுத்தினார். காற்று உஸ்ஸென்று கசிந்தது.

“ஒட்டல கண்ணு. வீட்டுக்குப் போ.”

“மொரீன், இது மூணாவது தடவை.”

“தெரியும்பா,” என்றார் மொரீன், முகமூடியின் வாரைச் சரிசெய்துகொண்டே. அந்த வாரில் கோளாறு எதுவும் இல்லை.

லெஸ் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெள்ளைக் கன்னத்தோடு வாசலைத் தாண்டினான். பயிலரங்கு ‘மகத்தான வெற்றி’ என்று வழவழத்த தாடையைத் தடவியபடி கிராஸ்லி அறிவித்தார். கலந்துகொண்டவர்களுக்கெல்லாம் சான்றிதழ். லெஸ்ஸுடையது தபாலில் போயிருக்கிறது, வேலைநீக்கக் கடிதம் வைத்த அதே உறையில். சிக்கனத்திலும் எங்கள் நிர்வாகத்தை மிஞ்ச ஆளில்லை.

நுரைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது இன்று எங்கள் பட்டறையில் எல்லாருக்கும் மனப்பாடம். இனி நிர்வாகம் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி ஒன்றுதான்: தண்ணீர். லெஸ்ஸுக்கு இரண்டு: தண்ணீர், அவனுடைய வேலை.