தராசு சாரின் பெஞ்ச்

பெஞ்ச் ஆடியது.

அதிகம் இல்லை. இடது பக்கம் சாய்ந்தால் ஒரு ‘டொக்’, வலது பக்கம் சாய்ந்தால் இன்னொரு ‘டொக்’. வேறு யாராவது என்றால் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதைத் தன் கையாலேயே செய்து வீட்டின் பின்பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தவர் முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்துவிட்டு இரண்டு மாதம் முன்புதான் ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய், கடைத் தராசின் முள் மயிரிழை விலகினாலும் கடைக்காரரைத் தண்ணீர் குடிக்க வைத்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் தராசு சார்தான்.

“நேத்து சாயங்காலம் கல்லு மாதிரி நின்னுது. காலைல என்ன கேடு வந்தது இதுக்கு?” என்றார்.

அவர் மனைவி இரண்டு டம்ளரில் டீயோடு வந்தாள். “புது மரம்தானே, கொஞ்சம் நெளிஞ்சு கொடுத்திருக்கும். உட்கார முடியுதுல்ல?”

“உட்கார முடியறது வேற, சரியா இருக்கறது வேற.”

பெஞ்சைச் சரிசெய்வதில் ஓர் அவசரமும் இருந்தது. பழைய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒன்பது மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் ஓர் ஊரில், புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர்களுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். மறுபடியும் மேசை, மணி, ‘சார், சார்’ என்று பின்னால் வர நாலு பேர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் விருந்தாளி போலவே உணர்ந்துகொண்டிருந்த மனிதருக்கு, அந்தக் கடிதம் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

ஆனால் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே பெஞ்ச் வேலையைத் தொடங்கிவிட்டார்.

“எடுத்த வேலையைப் பாதியில விட்டதா என் சர்வீஸ்லயே கிடையாது. பெஞ்ச் ஆடாம நிக்கட்டும், மறுநாளே கிளம்பிடறேன்,” என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

“சரிங்க,” என்றாள் அவள்.

முதல் வைத்தியமாக ஒரு காலுக்கு அடியில் மரச்சில்லு ஒன்றைச் செருகினார். சாயங்காலம் பெஞ்ச் அசையவில்லை. மறுநாள் காலையில் அதற்கு எதிர்மூலைக் கால் ஆடியது. அங்கேயும் ஒரு சில்லு வைத்தார். அதற்கடுத்த நாள் மூன்றாவது கால்.

“நட்டு போல்ட்டை எல்லாம் பாத்தீங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார்.

தராசு சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்பானரை எடுத்து எட்டு நட்டுகளையும் அவர் கண்ணெதிரிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். மறுநாள் காலையில் பெஞ்ச் ஆடியது.

“பாத்தீங்களா?” என்றார் சுவரைப் பார்த்து. “நட்டை நானே இறுக்கினேன். அப்படியும் ஆடுது. அப்ப கோளாறு நட்டுல இல்ல, கால்ல இருக்கு.”

பக்கத்து வீட்டுத் தலை கீழே இறங்கிவிட்டது.

ரம்பத்தை எடுத்தார். நீளமாக இருப்பதாகத் தோன்றிய காலில் மூன்று மில்லிமீட்டர் அறுத்தார். இப்போது மற்ற மூன்றும் நீளமாகிவிட்டன. அவற்றையும் அறுத்தார். ஐந்து நாள், காலையிலிருந்து இருட்டும்வரை இந்தக் கணக்கு நடந்தது. அவர் அறுக்க, மனைவி பெஞ்சின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். மேலே ரசமட்டத்தை வைத்து, “குமிழ் நடுவுல இருக்கா பாரு,” என்பார். அவள் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, “கொஞ்சம் உங்க பக்கம் வந்திருக்குங்க,” என்பாள். ஒருநாள் அவள் டம்ளரைத் தெரியாமல் எடுத்துக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“சர்க்கரையே போடலையா?”

“எனக்குப் போட்டுக்கறதில்லையே.”

“எப்பலேருந்து?”

“ஒன்பது வருஷமா.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ரம்பத்தை எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் முடிவில் பெஞ்ச் கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. எழுந்திருக்க மனைவி கை கொடுக்க வேண்டியிருந்தது.

“இன்னொரு தடவை அறுத்தீங்கன்னா வெறும் பலகைதான் மிஞ்சும்,” என்று சொல்லிச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“கோளாறு கால்ல இல்ல,” என்றார் மெதுவாக. “தராசு ஆடினா அது நிக்கிற மேசையைப் பாருன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இது மண் தரை. இங்க எது நேரா நிக்கும்?”

புதுக் கால்களை மாட்டிவிட்டு, சிமெண்ட் மூட்டையோடு வந்தார். ஆறடிக்கு நாலடியில் ஒரு மேடை. இரண்டு நாள் காயவைத்து, பெஞ்சை அதன் மேல் ஏற்றிவைத்தார். அன்று சாயங்காலம் அசையவில்லை. மறுநாள் காலையில் ஆடியது. அதோடு, துணி துவைக்கும் மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வழக்கமாகப் போகும் வழியை மேடை அடைத்துவிட்டதால், நுரையோடு சமையலறைக்குள்ளேயே திரும்பி வந்தது.

“கவலைப்படாதே. ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினா போச்சு,” என்றார், பாதி பேன்ட் நனைந்த நிலையில்.

கடப்பாரை மூன்றாவது குத்தில் குடிநீர்க் குழாயைக் கண்டுபிடித்தது. தண்ணீர் கூரை உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. பிளம்பர் வந்து, வால்வை மூடிவிட்டு, குழியையும் மேடையையும் சோப்புத் தண்ணீர்க் குளத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“என்ன வேலை சார் நடக்குது இங்க?”

“பெஞ்ச் செய்யறேன்.”

பிளம்பர் கடப்பாரையை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். “பெஞ்சுக்கு எதுக்கு சார் கடப்பாரை?”

“அது உங்களுக்குப் புரியாது.”

பிளம்பர் அவர் மனைவியைப் பார்த்தார். அவள் டீயைக் கொடுத்துவிட்டு, “சார் எதையும் பாதியில விடமாட்டாருங்க,” என்றாள்.

இதற்கிடையே அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். ஒரு காலத்தில் அவரிடம் உதவியாளராக இருந்தவர்தான் இப்போது அங்கே அதிகாரி.

“சார், எப்ப வர்றீங்க?”

“ஒரு பெஞ்ச் பாக்கி இருக்குப்பா.”

“கோர்ட் பெஞ்சா சார்? ஏதாவது கேஸா?”

“உட்கார்ற பெஞ்ச்.”

“சார், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அதுக்கு மேல என்னால பிடிச்சு வெச்சுக்க முடியாது.”

வியாழக்கிழமைக்குள் வாய்க்காலை மூடி, மேடையை உடைத்து, தண்ணீர் போக வழிவிட்டு வேறொரு மேடை போட்டு முடித்தார். கைகளில் கொப்புளம், முதுகில் பற்று, தலைமுடியில் சிமெண்ட். பெஞ்சை ஏற்றிவைத்து ரசமட்டத்தை வைத்தார். குமிழ் நட்டநடுவில் நின்றது. ஏறிக் குதித்தும் பார்த்தார். அசையவில்லை.

“ஜெயிச்சுட்டேன்,” என்றார். “நாளைக்குக் காலைல ஏழரை பஸ்.”

“சட்டையை இஸ்திரி போட்டு வைக்கறேன்,” என்றாள் மனைவி. போட்டும் வைத்தாள். பெட்டியில் துண்டு, சவரச் சாமான், இருமல் மருந்து எல்லாம் அவளே அடுக்கினாள். எந்த மருந்து எந்தப் பையில் என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பின்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

டொக்.

எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

டொக்.

மனைவி வாசற்படியில் பெட்டியோடு நின்றிருந்தாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. ஆடினா ஆடட்டும், கிளம்புங்க,” என்றாள். குரல் என்னவோ போல இருந்தது.

தராசு சார் அவளைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பிறகு சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். “ஆடற தராசுக்கு முத்திரை குத்திட்டுப் போற ஆள் நான் இல்ல. அந்த ரசமட்டத்தை எடு.”

சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் போன் வந்தது. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். “பரவாயில்லப்பா,” என்று சொல்லி வைத்தார். மேசை போயிற்று, மணி போயிற்று. நெஞ்சு கனக்கும் என்று எதிர்பார்த்தார். எதிர்பார்த்த அளவு கனக்கவில்லை என்பது அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

சமையலறைக்குப் போய்ச் சொன்னார். மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள், திரும்பவில்லை.

“அப்படியா,” என்றாள்.

சனிக்கிழமை காலையில் படுக்கையில் இருப்புக் கொள்ளாமல் ஆறரைக்கே எழுந்து பின்பக்கம் வந்தார். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் ரசமட்டம். போருக்குப் போகிறவர் மாதிரி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

சத்தம் வரவில்லை.

இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார். ஏறி நின்று தாம்தூம் என்று குதித்தார். பெஞ்ச் தரையில் முளைத்தது போல நின்றது. சத்தம் கேட்டு மனைவி டீயோடு வந்தாள்.

“பாரு,” என்றார், குதிப்பதை நிறுத்தாமல். “சிமெண்ட் இப்பதான் முழுசா இறுகியிருக்கு. நேத்து ஈரம் இருந்திருக்கு.”

“அப்படித்தான் இருக்கும்,” என்றாள். அவர் இறங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த பெஞ்சில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள். பிறகு அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

பின்பக்கத்துச் சந்தில் சைக்கிள் வந்து நின்றது. விடியற்காலையில் மதில் மேலாகப் பேப்பரைப் போட்டுவிட்டுப் போகும் பேப்பர்காரர், தெருக்களை எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“என்ன சார், இன்னைக்கு சீக்கிரமே எழுந்துட்டீங்க? பெஞ்ச் சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சுப்பா,” என்றார் தராசு சார், கால் மேல் கால் போட்டுக்கொண்டு. “ஒரு மாசப் போராட்டம். எல்லாம் தரைலதான் இருக்கு. தரையைச் சரி பண்ணினா மேல இருக்கறது தானா நிக்கும்.”

பேப்பர்காரர் தலையைச் சொறிந்தார்.

“அது எனக்குத் தெரியாது சார். ஒரு மாசமா நான் பேப்பர் போட வர்றப்ப எல்லாம் அம்மா இந்த பெஞ்சுக்கு அடியில படுத்து நட்டைக் கழட்டிக்கிட்டு இருப்பாங்க, இன்னைக்குத்தான் முதல் தடவையா இறுக்கிக்கிட்டு இருந்தாங்க.”