படகேறிய மணல்வாளி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. தாயில்பட்டியில் ஒற்றைத் தகரக் கொட்டகை போட்டேன். அது பட்டாசுக் கம்பெனியாச்சு. தண்ணீரே வராது என்ற இடத்தில் கிணறு வெட்டினேன். சாத்தூரில் குடோன் கட்டினேன். இம்புட்டும் செய்த என்னால் ஒரு ஆளைச் சும்மா உட்காரவைக்க முடியவில்லை. அவர் எங்கள் போர்மேன்; பட்டப்பேர் 'மணல்வாளி'. கல்யாணப் பந்தியிலும் இலைக்குப் பக்கத்தில் மணல் வாளி வைத்துக்கொண்டு உட்காரும் மனுசர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

கம்பெனியில் எங்கே சத்தம் கேட்டாலும் ஓடிப்போய், ஒருத்தரும் குறையவில்லையே என்று ஆட்களை எண்ணுவார். அது வீடுவரைக்கும் போய்விட்டது.

"கரண்டி விழுந்தாக்கூடச் சோத்தைப் போட்டுட்டு வந்து எங்கள எண்ணுதாக மொதலாளி. முழுச் சாப்பாடு சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு!" என்று அவர் வீட்டம்மா வந்து நின்றார்.

காமிரா வைத்த செல்போன் புதுசாக வந்த வருசம். தீபாவளி லோடெல்லாம் போய், எனக்கும் உடம்பு அசந்து கிடந்தது. ராமநாதபுரம் பக்கம், தீவு மறைப்பில் அலையே இல்லாத கடலில் பாய்மரப் படகு விடுகிறார்கள் என்றார்கள். மணல்வாளியைக் கூட்டிப் போனேன்.

வாளியோடு வந்தார். படகுக்காரர் சிரித்தார். "அண்ணாச்சி, சுத்தி அம்புட்டும் தண்ணிதானே?"

"ஏலே, டீசல்ல தீப்பிடிச்சா தண்ணி அணைக்குமா? மண்ணுதாம்லே!"

படகுக்காரரின் பீடி, தீப்பெட்டி இரண்டும் கரையிலேயே நின்றுவிட்டன. ஆணி உரசினால் பொறி வருமாம், என் செருப்பும்தான். எஞ்சினைத் தொட விடவில்லை. "பாய் இருக்குல்லா? காத்து வரட்டும்."

காற்று பேருக்குத்தான் வந்தது. அரைமணி நேரத்துத் தீவுக்கு மூன்று மணி நேரம். ஒரு சீசன் அலுப்பையும் அதிலேயே பட்டுவிட்டேன்.

அங்கே மூச்சுக்குழாய் வைத்த கண்ணாடியை மாட்டி, தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்து மிதக்கச் சொன்னார் படகுக்காரர்.

"வாளிய யாரு பாக்குறது?" என்றார் இவர்.

"நான் பிடிச்சுக்கிடுதேன். இறங்கும்வே!" என்றேன்.

இறங்கினார். கொஞ்சம் தள்ளிப் போய் மிதந்தார். அந்நேரம் பார்த்துச் சோற்றுத் தூக்கின் மூடி பலகையில் டங்கென்று விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னையறியாமல் தலை எண்ணினேன். மூன்றும் இருந்தது. அவர் முதுகு மட்டும் வெயிலில் அசையாமல் மிதந்தது.

வெகுநேரம் கழித்து ஏறிவந்தார். "அடியில அம்புட்டும் கலரு மொதலாளி. ஒரு சத்தம் இல்ல." அப்புறம் உட்கார்ந்து, எழுந்திரிக்காமல், இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்றைக்கும் மணல்வாளி ஊரெல்லாம் அந்தப் படகுக்காரர் பெருமையைத்தான் பேசுகிறார். பேசட்டும். ஆனால் என்னைப் பேட்டி எடுக்கும் பத்திரிகைக்காரர்கள் இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்: அவர் மிதந்த நேரம் முழுக்க, அந்த வாளியைக் கீழே வைக்காமல் மடியில் வைத்திருந்தவன் நான்.