கடிபட்ட கோடரி

“கோடரியோட உள்ளே போக முடியாதும்மா,” என்று கையைக் குறுக்கே நீட்டினார் வாசலில் நின்ற காவலாளி.

பல்லக்காவுக்கு முதலில் பெருமைதான் பொங்கியது. பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறவள் என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். இன்று வேடப் போட்டி. தத்ரூபமான வேடத்துக்குக் கோப்பை உண்டு. உடம்பில் தளபதியின் கவசம், தோளில் ஆளுயரக் கோடரி. எல்லாம் மூன்று மாத உழைப்பு.

“இது வெறும் ஃபோம்ங்க. நானே வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சேன்.”

“துருப்பிடிச்சிருக்கே?”

“அதுவும் பெயிண்ட்தான். கூடக் கொஞ்சம் காபித்தூள் கலந்து, ஸ்பாஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்தேன்.”

காவலாளி விரலை மடக்கிக் கோடரியைத் தட்டினார். டக் டக் என்றது.

“ஃபோமைத் தட்டினா சத்தம் வருமா?”

“சத்தம் வரணும்னுதாங்க அஞ்சு தடவை பசை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்!”

“அப்ப, இரும்பு மாதிரி இருக்கணும்னுதான் செஞ்சிருக்கீங்க?”

“ஆமா!”

“இருக்கு. அதனாலதான் விட முடியாதுங்கறேன்.”

பல்லக்காவுக்குக் காது மடல்வரை சூடேறியது. பைகளைச் சுமந்துகொண்டு பின்னால் நின்ற கணவர் யோசனை சொன்னார்.

“தூக்கிப் பார்க்கச் சொல்லேன். இரும்புன்னா கனக்கும்ல?”

காவலாளி தூக்கிப் பார்த்தார். புருவம் நெற்றிக்கு ஏறியது. “கனக்குதே!”

“கைப்பிடிக்குள்ள மணல் போட்டிருக்கேன்,” என்றாள் பல்லக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. “தூக்கி நடக்கும்போது காத்தாடி மாதிரி ஆடக் கூடாதில்ல?”

“ஓகோ! உள்ளே ஒளிச்சு வேற வெச்சிருக்கீங்களா? கொட்டுங்க.”

“என்னது?”

“கொட்டிக் காட்டுங்கம்மா. வெறும் மணல்னா உங்களுக்கு என்ன பயம்?”

அடி மூடியைத் திருகி வாசலிலேயே கொட்டினாள். மணல் தீர்ந்ததும், கம்பீரமாக நின்ற கோடரி கோழி இறகாக ஆடத் தொடங்கியது.

“மணல் மட்டும்தானே? இப்பப் போகலாமா?”

“தலைப்பாகம் தகரமா இருக்கலாமே.”

“தகரமா! மனுஷன் கண்ணாங்க அது?” பல்லக்காவின் குரல் தெருமுனைக்கே கேட்டது. “மூணு மாசம் விரல் தேய உழைச்சிருக்கேன். தகரமாம் தகரம்!”

“கோபப்படாதே,” என்ற கணவர் அவசரமாகப் பையைத் துழாவினார். “லேசா ஓரத்துல கீறிக் காட்டிடு. இந்தா பிளேடு.”

காவலாளி சட்டென்று ஓரடி பின்வாங்கினார். “பிளேடா! அதையும் இப்படிக் கொடுங்க.”

பிளேடும் போயிற்று. பல்லக்கா கணவரைப் பார்த்த பார்வையில் அவர் பைகளுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார்.

அவ்வளவுதான், பொறுமை எல்லை தாண்டியது. கோடரியை இரண்டு கைகளாலும் பிடித்தாள். வாயைத் திறந்தாள். கூர்முனையை நறுக்கென்று ஒரு கடி கடித்துத் துண்டைத் துப்பினாள். வெள்ளிப் பூச்சும் துருவும் பிய்ந்து, உள்ளேயிருந்து ரொட்டித்துண்டு போல ஃபோம் எட்டிப் பார்த்தது.

“இரும்பைக் கடிக்க முடியுமாய்யா? சொல்லுங்க, முடியுமா?”

காவலாளி குனிந்து கடிவாயை நிதானமாக ஆராய்ந்தார்.

“முடியாதும்மா. ஃபோம்தான். தாராளமாப் போங்க.” பிளேடைத் திருப்பித் தராமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலும் சொன்னார்: “ஆனா, பல் பட்ட கோடரின்னு யாராவது சிரிக்கப் போறாங்க.”

பல்லக்கா புயலாக உள்ளே நுழைந்தாள். பெயர் பதியும் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பல்லக்கா அவள் முன்னால் கோடரியைப் பொத்தென்று போட்டாள். போட்டதில் மேலும் ஒரு சில்லு துரு உதிர்ந்தது.

“புகார் எழுதணும், தாள் கொடும்மா. வாசல்ல ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கீங்களே, அந்த ஆளு மனுஷனா? மணலைக் கொட்ட வெச்சாரு, பிளேடைப் பிடுங்கினாரு, கடைசியில என் கோடரியை நானே கடிக்கும்படி பண்ணிட்டாரு! அந்த ஆளை இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கணும்!”

மேசைப் பெண் பட்டியலில் விரலை ஓட்டினாள். பிறகு பரிதாபமாக நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்களுமா அக்கா? நாங்க வாசல்ல காவலாளியே போடலை. அவரு பதினோராம் நம்பர் போட்டியாளர்.”